கதவைச் சாத்திக்கொண்ட அடுப்பு

"…அதுகூட மல்லுக்கட்ட நான் வரலீங்க அம்மணி. ஒரு டம்ளர் காப்பி வெக்கலாம்னுதான் வந்தேன். அது என்னடான்னா, என்ற கை பட்டதும் கதவைச் சாத்திக்குது."

பழனிச்சாமி ஐயா இதைச் சொன்னது டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில், அவருடைய மகன் கார்த்தியின் வீட்டுச் சமையலறையில், ஒரு சனிக்கிழமை. அடுப்பின் காதில் விழுந்துவிடப் போகிறது என்பது போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கார்த்தி சிரித்துவிட்டார்.

"அப்பா, ஸ்டவ்வுக்கு என்ன கண்ணா இருக்கு, ஆள் பாத்து மூடிக்கறதுக்கு? எங்களுக்கெல்லாம் தொறக்குதில்ல?"

"உங்களுக்குத் தொறக்குது கண்ணு. அதைத்தானே நானும் சொல்றேன்."

மருமகள் நித்யா நடுவில் வந்தார். "விடுங்க மாமா, நான் போட்டுத் தரேன்." கையில் போனை எடுத்துத் தட்டினார். அடுப்பு மறுபேச்சில்லாமல் எரிந்தது. ஐயா அதை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்காரர் வந்ததும் வாலாட்டுகிற நாயை, அதே நாயிடம் கடி வாங்கியவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

நம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எல்லோரும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். திரையில் எந்தக் குறி எங்கே இருந்தால் கண் முதலில் அங்கே போகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் படிப்பு கிடையாது. கணவரின் விசாவோடு நியூ ஜெர்சிக்கு வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் பார்சிப்பனியில் வீட்டுச் சாதனங்கள் விற்கிற ஒரு நிறுவனத்தின் உதவித் தொலைபேசியில் உட்கார்ந்தவள் நான். காதில் ஒரு கருவி, முன்னால் ஒரு திரை. நாள் முழுக்க மனிதர்கள் தங்கள் வீட்டு மெஷின்களோடு போடுகிற சண்டையைக் கேட்பதுதான் வேலை. அந்த வேலையை எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு ருசி விழுந்துவிட்டது. மனிதர்கள் கோபத்தில் என்ன அழகாகப் பேசுகிறார்கள்!

ஐசலினில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் மைக்ரோவேவுக்காகக் கூப்பிட்டார். "பாப்கார்னா, பீட்சாவா, உருளைக்கிழங்கான்னு கேக்குது மேடம். நான் கொண்டு வந்தது சாம்பார் சாதம். தினமும் உருளைக்கிழங்குன்னு பொய் சொல்லித்தான் சாப்பிடறேன்." ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், அமெரிக்கப் பெண்மணி, துணி துவைக்கும் மெஷினைப் பற்றிச் சொன்னார்: "இதில் இருக்கிற பட்டன்களில் ஒன்றுதான் எங்கள் வீட்டு ஆள். மற்றதெல்லாம் விருந்தாளிகள். வந்து இத்தனை நாளாகிறது, இன்னும் பேசிப் பழக்கமில்லை." பாத்திரம் கழுவும் மெஷினின் முன்னால் நின்றுகொண்டே ஒரு பெண் கேட்டார்: "இது கழுவ ஆரம்பிச்சுடுச்சா, இல்ல இன்னும் யோசிச்சுட்டு இருக்கா?"

சிரிக்காமல் பதில் சொல்வதற்குள் உயிர் போய்விடும்.

அங்கே எங்களுக்கு மேலே ஒரு பெண்மணி இருந்தார். புதிதாக வந்தவர்களின் அழைப்புகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். ஒருநாள் நான் ஒரு அம்மாவுக்கு எந்தப் பட்டன், அப்புறம் எந்தப் பட்டன் என்று மளமளவென்று சொல்லி முடித்தேன். அந்த அம்மா நன்றி சொல்லி வைத்துவிட்டார். இவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது எல்லாம் சரி. ஆனால் அவர் கேட்டது அதையில்லை. எந்தப் பட்டன் என்று கேட்க யாரும் இங்கே கூப்பிடுவதில்லை. நான் முட்டாளா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் அதற்குப் பதில் சொல், பட்டன் பிறகு" என்றார். அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். சொன்னதை மட்டும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதி அதுதான்.

பிறகு டெக்சாஸ் வந்தோம். இங்கே வேறொரு நிறுவனத்தில், கடைக்கு வராத புதுச் சாதனங்களை வீடுகளில் கொடுத்துப் பார்க்கிற பிரிவில் சேர்ந்தேன். கார்த்தி வீட்டு அடுப்பும் அப்படிப் போனதுதான். இலவச அடுப்பு என்றதும் நித்யா பெயர் கொடுத்துவிட்டார்.

அந்த அடுப்பை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேலே முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. கையால் திருப்புகிற திருகு என்று ஒன்று கிடையாது. முன்விளிம்பில் மினுக் மினுக்கென்று சில குறிகள். முதலில் பவர் குறியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு எந்த அடுப்பு என்று தொட வேண்டும். பிறகு விரலை வலப்பக்கம் இழுத்துச் சூடு வைக்க வேண்டும். நடுவில் பால் பாத்திரத்தை எடுக்கத் திரும்பினால் எல்லாம் அணைந்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் பூட்டுப் படத்தைக் காட்டிக் கீச்சென்று கத்தும். பூட்டைத் திறப்பதற்கு இரண்டு விரலால் தனி வித்தை. இத்தனைக்கும் நடுவில், அலுவலகத்திலிருந்தே போன் மூலம் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று பெருமை வேறு. அலுவலகத்தில் இருந்துகொண்டு யாருக்குக் காப்பி போடுவது என்று எங்கள் கூட்டங்களில் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நித்யா மாமனாருக்காகப் பவர் குறிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தார். சூடு வைக்கிற இடத்தில் பச்சைப் பொட்டு. "பொட்டு வெச்சும் குடித்தனத்துக்கு ஒத்து வரலீங்க" என்றார் ஐயா.

அன்று நான் கிளம்பும்போது கார்த்தி காருக்கு அருகில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு நிமிஷம். நீங்க ஃபீட்பேக்ல அப்பா சொன்னதைப் பெருசா எடுத்துக்காதீங்க. அவருக்கு மறதி ஜாஸ்தி ஆயிட்டே வருது."

"எப்படிச் சொல்றீங்க?"

"சாயங்காலம் நான் பக்கத்துல நின்னு சொல்லிக்குடுத்தா கரெக்டா பண்றார். திரும்பத் திரும்பப் பண்ணிக் காட்டறார். மறுநாள் நான் மீட்டிங்ல இருக்கறப்ப போன் பண்ணி, 'சாத்திக்கிச்சு கண்ணு'ங்கறார். பசியோட பிரெட்டைத் தின்னுட்டு உக்காந்திருக்கார். எங்கப்பா உடுமலைல பேக்கரி வெச்சிருந்தவர் அக்கா. ஊருக்கே பன்னும் பப்ஸும் போட்டவர். இப்ப ஒரு டம்ளர் பால் சுட வெக்க முடியலை." காரின் கண்ணாடியில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டார். "அம்மா போனதுக்கப்புறம்தான் இப்படி. மெமரி டெஸ்டுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன், வர்ற வியாழக்கிழமை. ஏதாச்சும் இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா ஸ்டவ்வை டிஸ்கனெக்ட் பண்ணிட்டு, அவரை அடல்ட் டேகேர்ல, பகல்ல வயசானவங்களைப் பாத்துக்கற எடத்துல, விட்டுடலாம்னு இருக்கோம். தனியா விட பயமா இருக்கு."

கெட்ட மகன் இல்லை. அப்பாவின் மேல் உயிரை வைத்திருக்கிற மகன். பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது ஐயா சொன்ன சொல்லே காதில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது ஒரு வியாதி. யாராவது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அதை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொண்டே இருப்பேன். கை பட்டதும் கதவைச் சாத்திக்கொள்கிறது. உதவித் தொலைபேசியில் வழி மறந்தவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்கள் "எப்படித் தெறக்கறதுன்னு தெரியலை" என்பார்கள், "அடுத்தது எதுன்னு மறந்து போச்சு" என்பார்கள். அவர்கள் பேச்சில் ஆள்தான் முன்னால் நிற்பார். ஐயாவின் பேச்சில் அடுப்பு முன்னால் நிற்கிறது. அடுப்பு ஏதோ செய்கிறது, அதை இவர் பார்க்கிறார், பார்த்ததைச் சொல்கிறார். மகனுக்கு அது வேடிக்கைப் பேச்சாகக் கேட்டது. எனக்கு அது சாட்சி சொல்வது போலக் கேட்டது.

வியாழக்கிழமை காலையில் ஒருமுறை வந்து பார்க்கட்டுமா என்று கார்த்தியிடம் கேட்டேன். டாக்டரிடம் போவது மதியம்தானே, வாருங்கள் என்றார். மெகன் என்ற எங்கள் இன்ஜினியரையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற மூளை முழுவதும் அவர் வேலை. தமிழ் தெரியாது. ஆனால் கையைப் பார்க்கத் தெரிந்தவர்.

வீடுகளுக்குப் போகும்போது எங்களுக்கு ஒரு விதி உண்டு. சொல்லிக்கொடுக்கக் கூடாது. முகத்தைக்கூட அசைக்கக் கூடாது. கேட்பதற்கு எளிது. ஒரு மனிதர் உங்கள் கண் முன்னால் திண்டாடுகிறார், உங்களுக்குப் பதில் தெரியும், கை தானாக நீளும். அதனால் நான் ஒரு தண்ணீர் பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். தாகத்துக்கு இல்லை. கையைக் கட்டிப்போடுவதற்கு.

"நாங்க இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க ஐயா. நீங்க எப்பவும் போல காப்பி போடுங்க."

"ரெண்டு பொம்பளைங்க நிக்கறப்ப எப்படீங்க இல்லைன்னு நெனைக்கறது? இருங்க, உங்களுக்கும் சேத்தியே வெக்கறேன்."

ஃபிரிட்ஜைத் திறந்து பால் எடுத்தார். பாத்திரத்தில் ஊற்றிச் சரியாக வட்டத்தின் நடுவில் வைத்தார். பிறகு அடுப்பை விட்டு நகர்ந்து சிங்குக்குப் போனார். சோப்பு எடுத்தார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை தேய்த்துக் கழுவினார். சமையல் செய்கிறவர் கை கழுவாமல் அடுப்புப் பக்கம் வந்தால் அவருடைய பேக்கரியில் அன்றைக்கே கணக்குத் தீர்ந்துவிடும் என்று முந்தின வருகையில் சொல்லியிருந்தார். கையை இரண்டு முறை உதறினார். திரும்பி வந்து, சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

கீச்.

பூட்டுப் படம் வந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார். அதில் ஒரு வெற்றியும் இருந்தது, ஒரு வெட்கமும் இருந்தது. இரண்டு விரல் வித்தையைச் செய்தார். தவறாமல், மகன் சொல்லிக்கொடுத்தது போலவே செய்தார். அடுப்பு அசையவில்லை. மறுபடியும் கீச். விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கையில அழுக்கோ என்ன கெரகமோ" என்று முணுமுணுத்துவிட்டு, என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் சிங்குக்குப் போய், இன்னும் நன்றாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மெகனின் கை என் முழங்கையைப் பிடித்தது.

பால் பொங்கி வழிந்தாலோ, குழந்தை ஈரக் கையால் தட்டினாலோ, அடுப்பு தானே பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது மெகனின் யோசனை. நல்ல யோசனைதான், யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் சோதனைக் கூடத்தில் கையைப் பேப்பர் டவலில் துடைத்துவிட்டுத்தான் எல்லோரும் எதையும் தொடுவார்கள். இங்கே வந்து பழகிய நித்யாவும் அப்படித்தான். அதுவும் இல்லாதபோது போனில் தட்டுவார். மாலை நேரப் பாடத்தில் அப்பாவும் மகனும் சோபாவிலிருந்து எழுந்து நேராக அடுப்புக்கு வருவார்கள், கை உலர்ந்திருக்கும், அடுப்பு சொன்னபடி கேட்கும். மறுநாள் பாடம் இல்லை, நிஜச் சமையல். நிஜச் சமையலுக்கு அவர் கை கழுவுவார். அவர் எவ்வளவு சுத்தமாக நடந்துகொள்கிறாரோ அவ்வளவு உறுதியாக அடுப்பு அவரை வெளியே நிறுத்தும். வெளியே நிறுத்துவதற்குக் காரணமும் சொல்லாது. ஒரு பூட்டுப் படம், ஒரு கீச், முடிந்தது.

மறுபடி கழுவி வந்த கைக்கும் கீச்தான். ஐயா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை குரலில் வேடிக்கை இல்லை.

"எனக்கே இப்ப சந்தேகமாப் போச்சுங்க அம்மணி. காலம் பூரா அடுப்பு முன்னாடி நின்னவன். இப்ப ஒண்ணைப் பத்த வெக்கத் தெரியலைன்னா, தலையில ஏதோ கழண்டு போச்சுன்னுதானுங்களே அர்த்தம்? பையன் சொல்றது நெசமாத்தான் இருக்கும். இன்னைக்குப் போயி காமிச்சுப்போட்டு வந்தர்றேன். அப்பறம் கெழவனுங்க பள்ளிக்கூடமாமா. டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்து அனுப்புவாங்களாட்ட இருக்குது."

பார்சிப்பனியில் காதுக்குள் கேட்ட அதே கேள்விதான். அங்கே போனில் கேட்டவர்களுக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இங்கே என் வாயில் வந்து நின்ற பதிலை விழுங்க வேண்டியிருந்தது.

ஏன் விழுங்கினேன் என்பதை யோசித்துப் பாருங்கள். "கையைத் துடைச்சுட்டுத் தொடுங்க ஐயா" என்று ஒரு வார்த்தை போதும், காப்பி ஆகிவிடும். ஆனால் கார்த்திக்கு அது எப்படித் தெரியும்? இன்னும் ஒரு ஆள் வந்து அப்பாவுக்கு இன்னும் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தார், அப்பா அப்போதைக்குச் செய்துவிட்டார் என்று. நாளைக்கு ஐயா ஒருமுறை கை துடைக்க மறந்தால் போதும், பழைய கணக்கில் இன்னொன்று ஏறும். சரி, மகனைக் கூப்பிட்டு இது மெஷினின் கோளாறு என்று நாங்கள் இருவரும் சொன்னால்? பெரியவர் மனம் நோகக் கூடாது என்று நாகரிகமாகப் பேசுகிறோம் என்று நினைப்பார். அதோடு, எங்களுக்குத் தெரிந்தது அடுப்பு. ஐயாவின் நினைவாற்றல் எப்படி இருக்கிறது என்று சொல்ல நாங்கள் யார்?

இதையெல்லாம் நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை. மெகன் வாயைத் திறக்கப் போனார், நான் வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினேன். அதற்குள் கார்த்தி கார் சாவியோடு உள்ளே வந்துவிட்டார். ஸ்டூலில் அப்பா. எரியாத அடுப்பு. ஆறிப்போன பால் என்றுகூடச் சொல்ல முடியாது, அது சூடானால்தானே ஆறும்.

"பாத்துட்டீங்கல்ல அக்கா?" என்றார் மெதுவாக. "இதைத்தான் நான் சொன்னேன். டாக்டர் கண்டிப்பா கேப்பாங்க, வீட்ல எப்படி இருக்கார்னு. நான் சொன்னா பையன் பதட்டத்துல சொல்றான்னு நெனப்பாங்க. நீங்க இதே வேலையா இருக்கறவங்க. நீங்க பாத்ததை போன்ல ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?"

ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டிப்பா சொல்றேன் கார்த்தி" என்றேன். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. அப்பா இன்னும் காப்பி குடிக்கலை. நீங்க போட்டுக் குடுங்க. ஆனா அவர் எப்படிப் பண்ணினாரோ அப்படியே பண்ணணும். நல்லா கை கழுவுங்க, உதறுங்க, நேரா வந்து அடுப்பைத் தொடுங்க."

"எனக்கும் டெஸ்டா?" என்று சிரித்துக்கொண்டே சாவியை மேடையில் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு சிங்குக்குப் போனார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். பின்னால் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கதை சொல்லும்போது மீட்டிங் இருக்கிறது என்று பாதியில் எழுந்து போகிறவர்கள் உங்களில் உண்டு.

அன்று மதியம் அவர்கள் டாக்டரிடம் போனார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நீங்களும் எந்த வீட்டிலும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். வயதுக்கு உரிய மறதிதான், காதுதான் கொஞ்சம் மந்தம், அதைக் கவனியுங்கள் என்றார்களாம். டேகேர் பேச்சு அதோடு நின்றது. ஐயாவே கொஞ்ச நாள் கழித்து வாரத்தில் ஒருநாள் அங்கே போக ஆரம்பித்தார். படிக்க இல்லை, அங்கே இருப்பவர்களுக்கு பன் கொண்டுபோய்க் கொடுக்க.

மெகன் அலுவலகத்துக்குத் திரும்பிய அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். ஈரப் பூட்டை எடுத்துவிடவில்லை, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டும். ஆனால் பூட்டுப் படத்தோடு "ஈரம், துடைக்கவும்" என்று எழுத்து வரவைத்தார். அது சின்ன வேலை. பெரிய வேலை, திருகைத் திரும்பக் கொண்டுவந்தது. கண்ணாடி வழவழவென்று இருப்பதுதான் அழகு என்று எத்தனை பேர் வாதாடினார்கள்! மெகன் படம் காட்டவில்லை, புள்ளிவிவரம் காட்டவில்லை. கூட்டத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரை மேஜையில் வைத்தார். ஒவ்வொருவராகக் கையை நனைத்துக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். அந்தக் கூட்டம் சீக்கிரம் முடிந்தது. எல்லா மாடலிலும் திருகு வந்துவிடவில்லை. ஒரு மாடலில் வந்தது. அதுதான் நன்றாக விற்கிறது என்று கேள்விப்படுகிறேன். இப்போது இன்னொன்றிலும் போடப் போகிறார்களாம். நம் தொழிலில் நல்லது இப்படித்தான் வரும், ஒவ்வொரு திருகாக.

அதனால் உங்களைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. நீங்கள் செய்யப்போகிற சாதனம் எந்த வீட்டுக்குப் போகும், அங்கே யார் எந்தக் கையோடு வந்து அதைத் தொடுவார்கள் என்று உங்களால் முழுக்க ஊகிக்க முடியாது. பரவாயில்லை. மாவு பிசைந்த கையாக இருக்கும், மருதாணி வைத்த கையாக இருக்கும், குழந்தையைத் தூக்கியிருப்பதால் ஒரு கைதான் காலியாக இருக்கும். போய்ப் பாருங்கள். பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டு பாருங்கள். ஒருவர் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் சிரியுங்கள், சிரித்து முடித்ததும் அவர் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு யோசியுங்கள். மெஷின் தோற்கிறபோதெல்லாம் மனிதர்கள் தாங்கள் தோற்றதாக நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அதைத் திருத்துவதுதான் நம் உத்தியோகம். கண்ணாடியும் வெளிச்சமும் அதற்கு அப்புறம்.

இப்போது சமையலறைக்கு வருகிறேன்.

கார்த்தி கை கழுவினார். அப்பாவைப் போலவே இரண்டு முறை உதறினார். பாத்திரத்தை வட்டத்தின் நடுவில் நகர்த்திவிட்டு, தினமும் செய்கிறவரின் அலட்சியத்தோடு விரலை வைத்தார்.

கீச்.

"இரு, இரு" என்றார் அடுப்பிடம். இரண்டு விரலை வைத்துப் பூட்டைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. இன்னும் அழுத்தினார். இன்னும் சத்தமாகக் கத்தியது. விரலை எடுத்து, மறுபடி வைத்து, பச்சைப் பொட்டின் பக்கம் இழுத்துப் பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்து வருவது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து கூட நல்லாத்தானே இருந்துது… இன்னிக்கு என்னவோ மூடிக்குது…"

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். தன் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று அவருக்கே கேட்டுவிட்டது. விரல் கண்ணாடியின் மேலேயே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஐயா ஸ்டூலை விட்டு எழுந்து மகனின் பக்கத்தில் போய் நின்றார்.

"டாக்டர்கிட்ட ரெண்டு பேருக்கும் சேத்தியே டோக்கன் போட்டர்லாமா கண்ணு?"

மெகன் எல்லாவற்றுக்கும் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தவர். இதற்கு மட்டும் கேட்கவில்லை.

"அப்பா…" என்றார் கார்த்தி. ஐயா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அடுப்பைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியில், மகனின் விரல் பட்ட இடமெல்லாம் சின்னச் சின்ன நீர்த்துளிகள் ஒட்டிக்கொண்டு மின்னின. ஐயா அவற்றைப் பார்த்தார். தன் விரல் நுனிகளைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். "அட!" என்றார், தனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பூட்டுப் படம் தானே மறைந்தது. மகனின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கை, விரலிடுக்கு, ஒவ்வொரு விரல் நுனி என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் துடைப்பது போல அவசரமில்லாமல் துடைத்தார். சுண்டுவிரலும் முடிந்தது. கையை விடவில்லை. அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டே சிவப்புப் பொட்டுக்குக் கொண்டுபோய், அமுக்கிப் பிடித்தார்.